இருபத்தேழு அவுட்களின் விலை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

2001-ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும், கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரைச் சேர்ந்த அத்லெட்டிக்ஸ் என்னும் பேஸ்பால் அணி தன் முதன்மையான வீரர்கள் மூவரை ஒருசேர இழந்தது. ஜேசன் ஜியாம்பியை ஏழு ஆண்டுகளுக்கு 12 கோடி டாலர் தந்து நியூயார்க் யாங்கீஸ் அணி அழைத்துக்கொண்டது. ஜானி டேமன் பாஸ்டனுக்கும், ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தைக் காத்து முடித்துத் தரும் பந்துவீச்சாளரான ஜேசன் இஸ்ரிங்ஹௌசன் செயின்ட் லூயிஸுக்கும் போய்விட்டார்கள். அடுத்த ஆண்டு யாங்கீஸ் வீரர்களின் சம்பளம் சுமார் 12.5 கோடி டாலர். ஓக்லண்டின் சம்பளம் சுமார் 4 கோடி. ஆனாலும் 2002 பருவத்தின் முடிவில் இரண்டு அணிகளும் தலா 103 ஆட்டங்களை வென்றிருந்தன.

இதற்குக் காரணம் புள்ளிவிவரம்தான் என்று பலரும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். அந்த விடை போதாது என்பதே நான் இங்கு எடுத்துரைக்க விரும்புவது. புள்ளிவிவரம் எல்லா அணிகளிடமும் நூறாண்டுகளாகக் குவிந்து கிடந்தது. எந்த எண் வெற்றியைத் தருகிறது, சந்தை எந்த எண்ணுக்குப் பணம் கொடுக்கிறது என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அவை பொருந்தாத இடத்தில் மட்டும் செலவு செய்ததுதான் ஓக்லண்டின் பொது மேலாளர் பில்லி பீனும் அவருடைய உதவியாளர் பால் டிபொடெஸ்டாவும் செய்த வேலை.

பேஸ்பாலை அதிகம் பார்த்திராதவர்களுக்காக ஆட்டத்தின் அடிப்படையைச் சிறிது விளக்குகிறேன். ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் மூன்று அவுட், ஆக மொத்தம் 27 அவுட். கிரிக்கெட்டில் ஓவர்களும் ஓர் எல்லையாக இருக்கின்றன. இங்கே அவுட்தான் கடிகாரம். ரன் எடுக்க ஓடிக் கடக்க வேண்டிய நான்கு நிலைகளுக்குப் பேஸ் என்று பெயர். அவுட் ஆகாமல் முதல் பேஸை அடையும் ஒவ்வொருவரும் தம் அணியின் ஆட்டநேரத்தை நீட்டிக்கிறார். அடித்தும் அடையலாம். பந்துவீச்சாளர் உரிய எல்லைக்கு வெளியே வீசும் பந்துகளைத் தொடாமல் விட்டு, அத்தகைய நான்கு பந்துகள் சேர்ந்ததும் நடந்தே போயும் அடையலாம். இந்த இரண்டாவது வழிக்கு வாக் என்று பெயர்.

பேட்டிங் சராசரி என்னும் பழைய கணக்கு இந்த வாக்கைக் கண்டுகொள்வதே இல்லை. அதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் பேஸ்பாலுக்கு ஆட்டக்குறிப்பு முறையை வகுத்துத் தந்த ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்தவர், கிரிக்கெட் செய்தியாளராக இருந்தவர். வாக் என்பது பந்துவீச்சாளரின் பிழையே அன்றி மட்டையாளரின் திறமை அன்று என்று அவர் கருதினார். 1887-ஆம் ஆண்டில் ஒரே ஒரு பருவத்திற்கு வாக்கையும் அடியாகக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள்.

இதன் விளைவை நானே அமைத்துக்கொண்ட ஒரு கணக்கின் வழியாகக் காட்டுகிறேன். இரண்டு மட்டையாளர்கள் தலா 600 முறை ஆட வருகிறார்கள். முதலாமவர் 30 வாக் பெற்று, மீதி 570 முறையில் 171 அடிகள் அடிக்கிறார். அவருடைய சராசரி .300, ஊரே கொண்டாடும் எண் அது. இரண்டாமவர் 100 வாக் பெற்று, 500 முறையில் 130 அடிகள் அடிக்கிறார். அவருடைய சராசரி .260, யாரும் திரும்பிப் பார்க்காத எண். ஆனால் முதலாமவர் பேஸை அடைந்தது 201 முறை, இரண்டாமவர் அடைந்ததோ 230 முறை. அந்த 29 அவுட் வேறுபாடு ஓர் அணிக்கு ஒரு முழு ஆட்டத்தில் கிடைக்கும் அவுட்களைவிட அதிகம். அடிகளின் வலிமையையும் கணக்கில் எடுக்க வேண்டும்தான். ஆயினும் சந்தை முதலாமவருக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு இரண்டாமவரை மலிவாக விட்டுவைத்திருந்தது.

இந்த உண்மையை முதலில் கண்டவர் பீன் அல்லர். 1947-இலேயே புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி, ஆலன் ராத் என்ற புள்ளியியலாளரை வேலைக்கு அமர்த்தி, ஆட வந்த முறைகளில் எத்தனை பங்கு பேஸை அடைந்தார் என்று காட்டும் ஆன்-பேஸ் சதவீதத்தின் மதிப்பை உணர்ந்திருந்தார். 1970-களில் கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் உணவுப் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் இரவுக் காவல் பார்த்துக்கொண்டே ஆய்வு செய்த பில் ஜேம்ஸ், 1977-இல் தம் செலவில் ஒரு தொகுப்பை அச்சிட்டார். விற்றவை 75 படிகள். எந்த அணியின் ஆதரவும் இல்லாமல், காவல் பணியின் இடையே அந்த மனிதர் காட்டிய பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன். எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்த ரன்கள், கொடுத்த ரன்கள் ஆகிய இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வெற்றி விகிதம் ஏறக்குறையக் கிடைத்துவிடும் என்பது அவர் தந்த சூத்திரம். 2002-இல் ஓக்லண்ட் எடுத்தவை 800 ரன்கள், கொடுத்தவை 654. சூத்திரப்படி கிடைத்திருக்க வேண்டியவை சுமார் 97 வெற்றிகள். மீதி ஆறை நெருக்கமான ஆட்டங்களில் வாய்த்த நல்வாய்ப்பின் கணக்கில் எழுதுவதே நேர்மை.

இந்த முறையால் வாழ்வு மீண்டவர்களில் ஸ்காட் ஹாட்டபெர்க்கைச் சொல்லியே ஆக வேண்டும். பாஸ்டன் அணியில், மட்டையாளருக்குப் பின்னே இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சராக இருந்த அவர், முழங்கை நரம்பு பாதிக்கப்பட்டு, பந்தை எறியும் ஆற்றலை இழந்தவர். எறிய முடியாத கேட்சரால் என்ன பயன் என்று மற்றவர்கள் எண்ணியபோது, பொறுத்து நின்று பந்தைத் தேர்ந்தெடுக்கும் அவருடைய கண்ணை ஓக்லண்ட் கண்டுகொண்டது. அதிகம் எறியத் தேவையில்லாத முதல் பேஸ் காவலைப் பயிற்சியாளர் ரான் வாஷிங்டன் அவருக்குக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பருவத்தில் அவருடைய ஆன்-பேஸ் சதவீதம் .374. செப்டம்பர் 4 அன்று கான்சாஸ் சிட்டிக்கு எதிராக 11–0 என்ற முன்னிலையை ஓக்லண்ட் முழுவதுமாகப் பறிகொடுத்து நின்றபோது, மாற்று மட்டையாளராக வந்து, பந்தை எல்லைக்கு அப்பால் அனுப்பும் ஹோம் ரன் அடித்து, அணியின் தொடர்ச்சியான இருபதாவது வெற்றியைத் தேடித் தந்தவரும் அவரே.

எனினும், கதையின் மறுபாதியைச் சொல்லாமல் விடுவது அவைக்குச் செய்யும் தீங்காகும். அந்த அணியில் டிம் ஹட்சன், மார்க் மல்டர், பேரி ஸிட்டோ என்ற மூன்று இளம் பந்துவீச்சாளர்கள் இருந்தார்கள். சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதை அவ்வாண்டு ஸிட்டோவும், லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருதை அதே அணியின் மிகுவெல் தெஹாதாவும் பெற்றார்கள். இத்தகையோர் மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் ஆன்-பேஸ் சதவீதம் அன்று, ஒப்பந்த விதி. பெரிய லீக்கில் ஆறு ஆண்டு பணி முடிக்கும்வரை வீரர் தம் விருப்பப்படி வேறு அணிக்குச் செல்ல முடியாது. இளம் வீரர்களை வளர்த்து, விலை ஏறும் வேளையில் இழந்து, அதற்கு ஈடாகக் கிடைக்கும், புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புகளால் மீண்டும் இளையோரைச் சேர்ப்பதுதான் சிறிய அணியின் உண்மையான மூலதனம் என்பது என் முடிபு.

2002 பருவம் முடிந்தபின் நடக்கும் கோப்பைக்கான ஆட்டங்களின் முதல் சுற்றில் மினசோட்டாவிடம் 3–2 என்று தோற்று ஓக்லண்ட் வெளியேறியதை வைத்து இம்முறையையே பழித்தவர்கள் உண்டு. 162 ஆட்டங்களில் தெளிவாகத் தெரியும் சிறு மேன்மை, ஐந்து ஆட்டத் தொடரில் தற்செயலுக்குள் மறைந்துவிடும். அதைக் கொண்டு முறையைப் பழிப்பது பொருந்தாது.

கவலைக்குரியது வேறொன்று. பாஸ்டன் அணி பில் ஜேம்ஸையே ஆலோசகராக அமர்த்தி, 2004-இல், 1918-க்குப் பின் முதன்முறையாகக் கோப்பையை வென்றது. ஆன்-பேஸ் சதவீதத்திற்குச் சந்தை தரும் விலை அதே 2004 வாக்கில் அதன் உண்மையான மதிப்பை எட்டிவிட்டதாகப் பொருளியலாளர்கள் ஹேக்ஸும் சாவரும் 2006-இல் வெளியிட்ட கட்டுரை காட்டியது. எனவே சிறிய அணிகள் புதிய இடைவெளியைத் தேட வேண்டியதாயிற்று. ஆண்ட்ரூ ஃப்ரீட்மனின் பொறுப்பில் இருந்த டாம்பா பே அணி தடுப்பாட்டத்தில் அதைக் கண்டு, 2007-இல் 66 வெற்றிகள் என்ற நிலையிலிருந்து 2008-இல் 97-க்கு உயர்ந்து, உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டிவரை சென்றது. 2014-இல் ஃப்ரீட்மனை லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் தன்னிடம் சேர்த்துக்கொண்டது. 2020-இல் டாம்பா பே மீண்டும் உலகத் தொடருக்கு வந்தபோது, எதிரே நின்று 4–2 என வென்றது, அவருடைய அறிவோடு பெரும் பணத்தையும் சேர்த்து வைத்திருந்த அந்த டாட்ஜர்ஸ்தான்.