இரண்டாவது அணி

வணக்கம். மகளிர் கால்பந்து என்றதும் உங்களுக்கு எது ஞாபகம் வரும்? உலகக் கோப்பை இறுதிப் போட்டி, நிரம்பி வழிகிற மைதானம், கோல் போட்டவரைச் சுற்றி ஓடி வந்து கட்டிப்பிடிக்கிற கூட்டம். எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வரும். அதே கழகம், அதே சட்டை, ஆனால் ஓரமாக ஒரு சின்ன மைதானம். பார்க்க வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அங்கே ஆடுவது அந்தக் கழகத்தின் இரண்டாவது அணி. ரிசர்வ் அணி என்பார்கள். என் வாழ்க்கையில் பாதி அந்த ஓர மைதானத்தில்தான் கழிந்தது. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ரிசர்வ் என்ற சொல்லைக் கேட்டால், முதல் அணிக்கு எடுத்தது போக மிச்சம் இருப்பவர்கள் என்று தோன்றும். அப்படி இல்லை. உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். இளையோர் அணியை முடித்துவிட்டு வந்த பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள். காயம் ஆறி, பழைய ஓட்டத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் மூத்த வீராங்கனைகள். முதல் அணியில் இரண்டு மூன்று வாரமாக இடம் கிடைக்காமல், கால் மரத்துப்போகாமல் இருக்க ஆட வந்தவர்கள். சின்னவளும் பெரியவளும் ஒரே சட்டையில் நிற்கிற இடம் அது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் இங்கேதான் வருவேன்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "ஜெயிச்சீங்களா?" நான் கேட்கிற கேள்வி வேறு. "எத்தனை நிமிஷம் ஆடினே?" ஒரு ஆட்டம் 90 நிமிடம். களத்தில் 11 பேர். பெருக்கினால் 990 நிமிடம். ஒரு பயிற்சியாளர் கையில் இருக்கிற செல்வம் அவ்வளவுதான். முதல் அணியில் அதில் பெரும்பங்கு தேர்ந்த கைகளுக்கே போய்விடும், போகத்தான் வேண்டும், அங்கே புள்ளி முக்கியம். பதினேழு வயதுப் பெண்ணுக்குக் கடைசி ஆறு நிமிடம் கிடைக்கும். அந்த ஆறு நிமிடத்தில் அவள் பந்தை இரண்டு தடவை தொட்டால் அதிகம். இரண்டாவது அணியில் அவளுக்கு முழு 90 நிமிடமும் கிடைக்கும். தப்புச் செய்ய நேரம் கிடைக்கும். அதே ஆட்டத்திலேயே திருத்திக்கொள்ளவும் நேரம் கிடைக்கும்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். இளையோர் அணியில் அவளைப் பிடிக்க ஆள் கிடையாது, அவ்வளவு வேகம். நடுக்களத்தில் ஆடுவாள். எங்களிடம் வந்து முதல் ஆட்டம். எதிரணியில் வயதில் அவளைவிடப் பத்து வருடம் மூத்தவர்கள். முதல் அரைமணி நேரத்தில் ஏழு தடவை பந்தைப் பறிகொடுத்தாள். நான் குறித்து வைத்திருந்தேன். ஏழு தடவையும் ஒரே மாதிரி. பந்து வரும், நிறுத்துவாள், திரும்புவாள், திரும்பினால் முகத்துக்கு நேரே ஒரு ஆள்.

தெருவைக் கடக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? காலை எடுத்து வைப்பதற்கு முன்னாலேயே இந்தப் பக்கம், அந்தப் பக்கம் பார்க்கிறோம். நடுத்தெருவுக்குப் போய் நின்றுகொண்டு பார்ப்பதில்லை. அவள் நடுத்தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இளையோர் அணியில் அவளுடைய வேகம் அதை மறைத்துவிட்டது.

இடைவேளையில் நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னது வேறொருவர். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து எட்டு ஒன்பது மாதம் கழித்து ஆட வந்த ஒரு மூத்த வீராங்கனை. தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பந்து வர்றதுக்கு முன்னாடியே பின்னாடி ஒரு தடவை பாருடி. வந்தப்புறம் பாக்குறதுக்கு ஒண்ணுமில்லே." அவ்வளவுதான். இரண்டாவது பாதி முழுக்க அவள் பக்கத்திலேயே ஆடினார். பந்து அவளை நோக்கிக் கிளம்பும்போதெல்லாம் "பாரு! பாரு!" என்று ஒரு குரல். கடைசிவரை அந்தக் குரல் ஓயவில்லை.

மறுநாளிலிருந்து பயிற்சியில் நான் ஒன்று சேர்த்தேன். அவள் பந்துக்காகக் காத்திருப்பாள். நான் அவளுக்குப் பின்னால் நின்று விரல்களைக் காட்டுவேன். மூன்றோ, நான்கோ. பந்து அவள் காலைத் தொடுவதற்குள் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் பாதிக்கு மேல் தப்பு. எண்ணைப் பார்த்தால் பந்து காலுக்கடியில் ஓடிவிடும், பந்தைப் பார்த்தால் எண் தெரியாது. அழுகையே வந்துவிட்டது அவளுக்கு. "விடுங்க மேடம், எனக்கு வராது" என்றாள். மூன்று மாதம் ஆயிற்று. ஒரு நாள் ஆட்டத்தில், பந்து வருவதற்குள் இடது தோள் வழியாக ஒரு பார்வை, வலது தோள் வழியாக ஒரு பார்வை. பந்து வந்தது, நிறுத்தவே இல்லை, ஒரே தொடுதலில் திருப்பி விட்டுவிட்டு ஓடினாள். அன்று நாங்கள் நான்கு கோல் வாங்கித் தோற்றோம். எனக்கு அந்த ஒரு பார்வை போதும், தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அந்த மூத்தவர் பக்கத்தில் இல்லாமல் போயிருந்தால்? இந்தக் கேள்வி எனக்கு வரலாற்றையே வேறு மாதிரி காட்டுகிறது. 1920 டிசம்பரில் லிவர்பூலில், டிக் கெர் என்ற தொழிற்சாலையின் மகளிர் அணி ஆடிய ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். மறு வருடமே, 1921 டிசம்பரில், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடிவிட்டது. அந்தத் தடை ஏறக்குறைய ஐம்பது வருடம் நீடித்தது. பிரேசிலில் 1941 முதல் 1979 வரை சட்டமே தடுத்தது. எத்தனை ஆட்டங்கள் போயின என்று பேசுகிறோம். அதைவிடப் பெரிய இழப்பு, பக்கத்தில் நின்று "பாரு" என்று சொல்லியிருக்க வேண்டிய அக்காக்கள் இல்லாமல் போனது. ஒரு தலைமுறை இன்னொன்றின் கையில் கொடுக்கிற சங்கிலி அறுந்துவிட்டது. இரண்டாவது அணி அந்தக் கண்ணியைத்தான் மறுபடி கோக்கிறது.

ஸ்பெயினைப் பாருங்கள். அங்கே கழகத்தின் இரண்டாவது அணி, கீழ்ப் பிரிவு லீக்கில் மற்றக் கழகங்களின் முதல் அணிகளோடு மோதுகிறது. தன் முதல் அணி இருக்கிற பிரிவுக்கு மட்டும் ஏற முடியாது. ஏற முடியாவிட்டால் என்ன, வாரா வாரம் வளர்ந்த பெண்களோடு ஆட்டம் கிடைக்கிறதே! ஸ்பெயின் வீராங்கனை அய்த்தானா பொன்மாத்தி பார்சலோனாவின் பி அணியில், அதாவது இரண்டாவது அணியில், ஆடிவிட்டுத்தான் முதல் அணிக்குப் போனார். 2023, 2024, 2025 என்று மூன்று வருடம் தொடர்ந்து, உலகின் சிறந்த வீராங்கனைக்குக் கொடுக்கிற பலோன் தோர் விருதை வாங்கினார்.

இரண்டாவது அணி வேண்டும் என்று எழுதிக்கொடுத்தும், வாதாடியும் பார்த்திருக்கிறேன். நான் இருந்த ஒரு கழகத்தில் பணம் போதவில்லை என்று முதலில் கைவைத்தது இரண்டாவது அணியில்தான். முதல் அணிக்குச் சேதமில்லை என்றார்கள். அந்த வருடம் பதினெட்டு வயதில் இருந்த ஆறு பெண்கள் விளையாட்டையே விட்டுவிட்டார்கள். ஆறு பேரின் முகமும் எனக்கு இன்னும் தெரிகிறது.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். முழங்காலைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பெண்ணை ஆட அனுப்புகிற பெற்றோர் கேட்டுக்கொள்ளுங்கள். ஏ.சி.எல். என்கிற முழங்கால் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். கிழிந்தால் மறுபடி ஆட ஒன்பது மாதம், சில நேரம் அதற்கும் மேலே. தடுக்க ஃபிஃபா 11 பிளஸ் என்று ஒரு பயிற்சி முறை இருக்கிறது, சுமார் 20 நிமிடம், தனிக் கருவி எதுவும் வேண்டாம். பயிற்சிக்கு முன் கோச் அதைச் செய்யவைக்கிறாரா என்று கேளுங்கள். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்று நீங்களே பாருங்கள், சாய்ந்தால் அன்றைக்கே கோச்சிடம் சொல்லுங்கள். நேரம் முடிந்தது. வணக்கம்.