பீரங்கி நிறுத்தாத வண்டி: ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் ஐயா, இரு அணித் தோழர்களே, பந்தலுக்குள்ள பாதியும் வெளியே டீக்கடையில பாதியுமா உட்கார்ந்திருக்கிற பெரியவங்களே, ஆச்சிமார்களே, வணக்கம். வணக்கம் அவ்வளவுதான். எனக்கு முன்னாடி பேசினவர் வணக்கத்துக்கே மூணு நிமிஷம் எடுத்துக்கிட்டார். அவர் பேச்சுல நான் மறுக்க முடியாத பகுதி அது ஒண்ணுதான்.

தலைப்பு, "பாழடைந்த திருமயம் மலைக்கோட்டைக்குப் பெருமை அன்றைய வரலாறா, இன்றைய பயன்பாடா?" நான் இன்றைய பயன்பாடு. சீட்டுக் குலுக்கிப் போட்டதுல இது விழுந்துச்சு. வரலாறு விழுந்திருந்தா அதையும் இதே சத்தத்துல பேசியிருப்பேன், அது வேற விஷயம்.

வரலாறு இல்லேன்னு யாரு சொன்னா? 1687ல இராமநாதபுரம் சேதுபதி கட்டின கோட்டை. அப்புறம் புதுக்கோட்டைத் தொண்டைமான் கைக்குப் போச்சு. ஏழு சுத்து மதில் இருந்துச்சுன்னு சொல்வாங்க, இன்னைக்கு நிக்கிறது நாலு. கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை பேரைச் சொல்லி ஊமையன் கோட்டைன்னு ஊர்ல கூப்பிடுறாங்க. கோட்டை எழும்பி இருநூறு வருஷம் கழிச்சு, 1887ல, தீரர் சத்தியமூர்த்தி அதே ஊர்ல பிறந்தார். எதிரணியில மூணு பேர் முக்கால் மணி நேரம் சொன்னதை நான் முக்கால் நிமிஷத்துல சொல்லிட்டேன். மிச்ச நேரத்துல எங்க சித்தப்பா கதை.

எங்க சித்தப்பாவுக்கு வரலாறுன்னா உசுரு. பொங்கல் லீவுக்கு வந்த பேரப்பிள்ளைகளை வேன்ல ஏத்திக்கிட்டுத் திருமயம் கிளம்பினார். சித்திக்கு முழங்கால் வலி. இருந்தாலும் ஏறினாங்க. ஏன்னு கேட்டா, "உங்க சித்தப்பாவைத் தனியா விட்டா பேசிக்கிட்டே பாறையிலேருந்து பின்னால போயிருவாரு"ன்னாங்க. தெக்கு வாசல்ல ஆரம்பிச்சார் சித்தப்பா. "இங்கதான் எதிரி யானை வந்து கதவை முட்டும்." சின்னவன் கேட்டான், "ஐயா, யானை எப்படிப் படி ஏறும்?" சித்தப்பா சொன்னார், "இது வரலாறு. நடுவுல கேள்வி கேக்கக் கூடாது." நம்ம எதிரணியும் இதைத்தானே இப்போ சொன்னாங்க!

சுனை பார்த்தாச்சு. இரும்பு ஏணியில ஏறி, பாறையைக் குடைஞ்ச குகையில இருக்கிற லிங்கத்தைக் கும்பிட்டாச்சு. உச்சியில பீரங்கி மேல பிள்ளைகளை உட்கார வச்சு போட்டோ எடுத்தாச்சு. இறங்குற வழியில சித்தி ஒரு மதிலோரம் மூச்சு வாங்க நின்னாங்க. நின்னவங்க, "என்னங்க, இங்க ஒரு கல்வெட்டு இருக்கு, வந்து படிங்களேன்"ன்னு கூப்பிட்டாங்க. சித்தப்பா கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, பேரப்பிள்ளைகளையும் பின்னால வரிசையா நிப்பாட்டிக்கிட்டு வந்தார். வந்து பார்த்தார். ஒரு இதயம். குறுக்க ஒரு அம்பு. அம்புக்கு இந்தப் பக்கம் சித்தப்பா பேரு, இனிஷியலோட. அந்தப் பக்கம் ஒரு பொம்பளைப் பேரு. அது சித்தி பேரு இல்லீங்க. கீழே 1979.

சித்தி நிதானமா கேட்டாங்க: "இது பாண்டியர் காலமா, சேதுபதி காலமா?"

சிரிக்காதீங்க, ஒரு குடும்பம் ஆடிப்போச்சு. சித்தப்பா சொன்னார், "இந்தப் பேர்ல இந்த ஜில்லாவுல ஆயிரம் பேர் இருப்பான்." சித்தி கேட்டாங்க, "இனிஷியலுமா?" சின்னவன் கேட்டான், "ஐயா, அந்தப் பேர் யாரு, ராணியா?"

இந்தக் கதை எங்க வீட்டுல இப்போ ரெண்டு விதமா இருக்கு. சித்தப்பா சொல்ற கதையில சித்தி மலையே ஏறல, வேன்லயே உட்கார்ந்திருந்தாங்க, கல்லுல எழுத்தே கிடையாது. சித்தி சொல்ற கதையில எழுத்து வருஷா வருஷம் வளருது. முதல்ல உள்ளங்கை அளவு இருந்துச்சு. அடுத்த கல்யாண வீட்டுல முழ அளவு ஆச்சு. போன ஆடியில சொன்னப்போ திருச்சி ரோட்டுல போற பஸ்லேருந்தே படிக்கலாம்னாங்க. அந்த இன்னொரு பேரை நான் சொல்ல மாட்டேன். அந்தப் பேர்க்காரங்க இந்தப் பந்தல்லதான் இருக்காங்க. மூணாவது வரிசையை யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். ஐயா, நீங்களே திரும்பினா எப்படி, நடுவர் நடுவுல பார்க்கணும்!

கல்லுல கீறுறது தப்பு. அது தொல்லியல் துறை பாதுகாக்கிற இடம், கீறினா சட்டப்படி குற்றம். சித்தப்பாவுக்கு வீட்டுலயே தண்டனை நடந்துக்கிட்டிருக்கு. ஆனா அந்தப் பிள்ளைகளை இன்னைக்குக் கூப்பிட்டுக் கேளுங்க, கோட்டை கட்டின வருஷம் என்னன்னு. முழிப்பாங்க. 1979ல என்ன நடந்துச்சுன்னு கேளுங்க!

இப்போ எதிரணித் தலைவருக்கு வர்றேன். போற போக்குல ஒண்ணு சொன்னார். "அந்தத் தம்பிக்குக் கோட்டையைப் பத்தி என்ன தெரியும், அவர் திருமயம் போறதே வடை திங்கத்தான்." நீங்க கைதட்டினீங்க. யார் யார்னு குறிச்சு வச்சிருக்கேன்.

ஆமாங்க, வடைதான். என்ன வடை? கோட்டையோட வடக்கு மதிலை ஒட்டி ரோட்டைப் பார்த்து இருக்கிற கோட்டை பைரவருக்குச் சாத்தின மாலையிலேருந்து உதிர்த்துக் கொடுத்த மிளகு வடை. அதைத் தின்னா வரலாறு தெரியாதுன்னு எந்தக் கல்வெட்டுல இருக்கு? நான் கேக்குறேன், 1687ல அந்தக் கோட்டையில எத்தனை வேலை நடந்திருக்கும்? மதில்ல காவல், கொத்தளத்துல பீரங்கி, வாசல்ல யானை. நிஜமா வந்துச்சான்னு சித்தப்பாகிட்டக் கேட்டுக்கிறேன். அதுல இன்னைக்கும் ஆள் மாறாம நடக்கிற வேலை எது? மதில்ல காவல் இல்ல. பீரங்கி வெயில்ல காயுது, பிள்ளைங்க குதிரை ஓட்டுது. பைரவர் மட்டும் இன்னும் பணியில இருக்கார். புதுக் கார் எடுத்தா சாவியோட அங்க. லாரி போனா அங்க நின்னு ஒரு தேங்காய். கல்யாணக் கோஷ்டி வேன் நிக்குது, கல்லூரிப் பஸ் நிக்குது. தலைவர் ஐயா, பீரங்கி நிறுத்தாத வண்டியை பைரவர் நிறுத்துறார்! நீங்க இன்னைக்குப் புதுக்கோட்டையிலேருந்து காரில வந்தீங்களே, நிறுத்தாமலா வந்தீங்க? உங்க நெத்தியில இருக்கிற திருநீறு எந்த நூற்றாண்டு?

வேற ஒண்ணும் சொல்லணும். பாழடைஞ்சதுன்னு அந்தக் கோட்டையைச் சொல்றோம். நம்ம செட்டிநாட்டுத் தெருவுக்கு வாங்க. பர்மாத் தேக்குல தூணு, ஆத்தங்குடிக் கல்லு, முட்டை வெள்ளைக்கரு போட்டுத் தேச்ச சுவரு, முகப்புலேருந்து பின்கட்டு வரைக்கும் அவ்வளவு நீளம். கதவுல பூட்டு. ஒரு கல்யாணத்துக்குத் திறக்கிறோம், மறுநாள் பூட்டுறோம். பங்காளிங்க ஒத்துக்காம தூணு ஒவ்வொண்ணா காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போகுது. வரலாறு இல்லாமலா அந்த வீடுங்க பாழாச்சு? ஆள் புழங்காமத்தான் பாழாச்சு.

என் அப்பத்தாவுக்குச் சேதுபதி யாரு, தொண்டைமான் யாருன்னு தெரியாது. மலை ஏறினதும் இல்ல. அவங்க காலத்துல ஆம்பளைங்க பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனாங்க. எங்க காலத்துல சிங்கப்பூர், துபாய். யார் கிளம்பினாலும் திருச்சி ஏர்போர்ட்டுக்கு அந்த வழிதான். அப்பத்தா கார்ல முன் சீட்டுல ஏறிக்குவாங்க. ஏர்போர்ட்டுக்கு வர மாட்டாங்க. கோட்டை வரைக்கும்தான். பைரவர் வாசல்ல சிதறுகாய் உடைச்சு, நெத்தியில திருநீறு பூசிவிட்டு, "கோட்டைக்கு அந்தாண்ட நீ ஊருக்குப் பிள்ளை, இந்தாண்ட வந்தா எம் பிள்ளை"ன்னு சொல்லிட்டு, திரும்பிப் பார்க்காம டவுன் பஸ் ஏறிருவாங்க.

2020ல அப்பத்தா போனப்போ என் அண்ணன் சிங்கப்பூர்ல. விமானம் இல்ல. காரியம் முழுக்க போன்லயே பார்த்தான். கோவிட்டெல்லாம் ஓய்ஞ்சு அவன் வந்தப்போ, டிரைவர் யாரும் சொல்லாமலே கோட்டைகிட்ட வண்டியை நிறுத்திட்டார். அண்ணன் இறங்கி நின்னான். பூசிவிட ஆள் இல்ல. பக்கத்துல புதுக் காருக்குப் பூஜை போட வந்த யாரோ ஒரு ஆச்சி, பெட்டியையும் இவன் முகத்தையும் பார்த்திருக்காங்க. "எந்த ஊருப்பா, இப்பத்தான் வர்றியா?"ன்னு கேட்டாங்க. இவன் வாயைத் திறக்கல. அவங்க தன் தட்டுலேருந்து திருநீறை எடுத்து இவன் நெத்தியில பூசி, "போ, வீட்டுல பார்த்துக்கிட்டிருப்பாக"ன்னாங்க. நாங்க அதுவரைக்கும் அழாம இருந்தோம்.

எதிரணித் தலைவர் ஐயா, அந்தத் திருநீறுக்கு வரலாற்றுல ஒரு பக்கம் ஒதுக்குவீங்களா? ஒதுக்க வேண்டாம். எங்களுக்கு அந்த வாசல் போதும்.

மணி அடிக்கிறீங்க, முடிச்சுக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அதே மலையடிவாரத்துல, ஒரே பாறையில சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் பக்கத்துப் பக்கத்துல. திருமங்கையாழ்வார் பாடின ஊர். வருமானத்துல ரெண்டு தரப்புக்கும் வழக்கு வந்து, 1245ல போசள அரசோட படைத்தலைவர் அப்பண்ண தண்டநாயகர் நடுவரா உட்கார்ந்து, ஆளுக்கு இவ்வளவுன்னு பிரிச்சுக் கொடுத்து நடுவுல மதில் எழுப்பச் சொன்னார். நல்ல தீர்ப்புதான். ஆனா அடிகளார் நடுவரா இருந்து பட்டிமன்றம் வளர்த்த குன்றக்குடி இங்கேருந்து கூப்பிடு தூரம். "வரலாறும் வேணும், பயன்பாடும் வேணும்"னு ஒரு மதிலைக் கட்டிட்டு நீங்க பாட்டுக்குக் கார் ஏறிடாதீங்க. ஒரு பக்கம் சொல்லுங்க. எங்க பக்கம் சொல்லுங்க. நன்றி, வணக்கம்.