கேஜ் முள்ளு தாவுது, பம்ப்ப இறக்கணுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்விங்க. சேலத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு, அப்படியே படிக்கிறேன். "அண்ணே, நம்மளுது பழைய 10 வீல் லாரி, இன்லைன் பம்ப் வண்டி. ஃபில்டருக்கு அப்புறம் சென்சார் போட்டு கேபின்ல தனியா டீசல் பிரஷர் கேஜ் மாட்டியிருக்கேன். பகல்ல ஒன்றரை கிலோ காட்டுது, நைட்ல ஓட்டுனா முள்ளு ஜீரோவுக்கும் மூணுக்கும் தாவுது. இழுவைல குறை இல்ல. மெக்கானிக் பம்ப்ப இறக்கணும்ங்குறாரு, என்ன பண்ணட்டும்?"

தம்பி, இப்போதைக்கு இன்லைன் பம்ப்ல, அதாவது இன்ஜினுக்கு டீசல அடிச்சு குடுக்குற பம்ப்ல, யாரையும் கை வைக்க விடாதீங்க. பகல்ல ஒரு மாதிரி ராத்திரி ஒரு மாதிரின்னு நீங்களே சொல்லிட்டீங்க, பம்ப்புக்கு பகல் ராத்திரி தெரியுமா? நைட்டுக்கு மாறுறது என்ன, ஹெட்லைட்டு, டேஷ் லைட்டு, அவ்ளோதான். அதுவும் போக நிஜமாவே பிரஷர் ஜீரோவுக்கு விழுந்துட்டே இருந்தா லோடோட தொப்பூர் ஏத்தத்துல வண்டிக்கு மூச்சு முட்டிரும், நீங்க இழுவை நல்லாருக்குங்குறீங்க. அப்ப பொய் சொல்றது கேஜ்தான், எர்த்த பாருங்க, அதாவது கரண்டு பேட்டரி மைனஸுக்கு திரும்பிப்போற வழிய.

வண்டிய நிறுத்தி வச்சு ஐடில்ல விட்டுட்டு ஹெட்லைட்ட போட்டு அணைங்க, அப்புறம் இண்டிகேட்டர் போடுங்க, முள்ளு இண்டிகேட்டர் கூடவே டிக் டிக்னு தாளம் போட்டுச்சுன்னா விஷயம் முடிஞ்சுது, எர்த்துதான். அடுத்து ஒரு நீள ஒயர எடுத்து ஒரு முனைய பேட்டரி மைனஸ்ல, இன்னொரு முனைய சென்சாரோட பித்தளை உடம்புல அழுத்தி புடிங்க, முள்ளு அப்படியே நின்னுருச்சா, சென்சாருக்கு எர்த் இல்ல. நிக்கலையா, அதே ஒயர கேஜ் பின்னாடி இருக்கிற எர்த் நட்டுல வச்சு பாருங்க. கேபின் ரப்பர் மேல உக்காந்திருக்கு, சேசிஸுக்கு வர்ற எர்த் பட்டை துருப்புடிச்சா லைட்டோட கரண்டு திரும்பிப்போக வழி தேடும், அப்ப கேஜ் கணக்கு தப்பிரும். மல்டிமீட்டர் இருந்தா லைட்டெல்லாம் போட்டுட்டு சென்சார் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல அளங்க, 0.2 வோல்ட்டுக்கு மேல வந்தா சரியில்ல.

இதுல நானே ஒருதடவ ஏமாந்திருக்கேன், வெக்கத்த விட்டு சொல்றேன். ஒத்தை ஒயர் சென்சார், அதுக்கு எர்த்தே மரை வழியாத்தான். டீசல் கசியக்கூடாதுன்னு நான் வெள்ளை டெஃப்லான் டேப்ப நாலு சுத்து சுத்தி டைட் பண்ணிட்டேன், டேப்பு எர்த்த மறைச்சிருச்சு. அது தெரியாம பம்ப்ப இறக்கி, டெஸ்ட் பெஞ்சுல வச்சு, திரும்ப ஏத்தி டைமிங் வச்சு, ரெண்டு நாள் போச்சு, முள்ளு அதே ஆட்டம். கடைசில டேப்ப பிரிச்சதும் நின்னுருச்சு. சென்சார ரப்பர் ஹோஸ் முனைல தொங்க விட்டிருந்தாலும் இதே கதைதான், தனியா எர்த் ஒயர் குடுக்கணும்.

எர்த் சரியா இருந்தும் ஆடுதுன்னா, எப்படி ஆடுதுன்னு கவனிங்க. கொசு ரெக்கை மாதிரி நடுங்குனா அது பெரும்பாலும் நோயே இல்ல. டேங்குல இருந்து டீசல உறிஞ்சி பெரிய பம்ப்புக்கு அனுப்புற ஃபீட் பம்ப் பிஸ்டன் டைப், தள்ளித் தள்ளித்தான் டீசல் அனுப்பும், இன்ஜின் 2000 ஆர்பிஎம்னா அத தள்ளுற பம்ப் கேம் அதுல பாதி, 1000, நொடிக்கு சுமார் 17 தள்ளு வருது, முள்ளு நடுங்காம என்ன செய்யும்? கேஜுக்கு முன்னாடி சின்ன ஓட்டை வச்ச ஸ்னப்பரோ நீடில் வால்வோ போட்டா அடங்கிரும்.

மெதுவா இறங்குது, லோடுல இன்னும் இறங்குது, ஐடில்ல ஏறிக்குதுன்னா அடைப்பு. டீசல்ல தண்ணிய பிரிக்கிற வாட்டர் செப்பரேட்டர், ஃபில்டர், ஃபீட் பம்ப் வடிகட்டி ஜாலி பாருங்க, டேங்க் மூடிய தொறங்க, புஸ்ஸுன்னு காத்த உள்ள இழுத்தா மூடில காத்து ஓட்டை அடைச்சிருக்கு.

திடீர்னு விழுந்து திடீர்னு ஏறுது, காலைல ஸ்டார்ட்டிங்கும் லேட்டுன்னா ஏர் எடுக்குது. டேங்குல இருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் உறிஞ்சுற லைன், அங்க ஓடும்போது டீசல் வெளிய சொட்டாது, காத்துதான் உள்ள போகும், அதனால கண்ணுல படாது. ஃபீட் பம்ப்புக்கு முன்னாடி ஒரு அடி டிரான்ஸ்பரன்ட் ஹோஸ் போட்டு பாருங்க, கோலி சோடா மாதிரி குமிழ் வரும். அப்புறம் ஒரு 10 லிட்டர் கேன்ல டீசல் ஊத்தி நேரா ஃபீட் பம்ப்புக்கு குடுங்க, முள்ளு நின்னா கோளாறு டேங்க் பக்கம். பைப்ப இணைக்கிற ஓட்டை வச்ச போல்ட்டு, பேஞ்சோ போல்ட், அதோட காப்பர் வாஷர மாத்துங்க, பழச திருப்பிப்போட்டு மிச்சம் புடிக்காதீங்க. பாதி டேங்குக்கு கீழ மட்டும் இந்த தொல்லைன்னா உள்ள இருக்கிற பைப்புல கீறல் இருக்கு.

ஒன்னு சொல்ல மறந்துட்டேன், சிலபேரு ஒயரே வேணாம்னு டீசல் ஹோஸையே கேபினுக்குள்ள இழுத்து மெக்கானிக்கல் கேஜ் மாட்டுறாங்க, வேணாங்க, ஹோஸ் வெடிச்சா சூடான இன்ஜின் மேலயும் உங்க மடியிலயும்தான் ஊத்தும். செக் பண்ண மட்டும் வெளிய மாட்டி பாருங்க, ரெண்டு கேஜும் ஒன்னா ஆடுனாதான் பிரஷர் நிஜமாவே ஆடுது. இதெல்லாம் லோ பிரஷர் லைனுக்கு மட்டும், காமன் ரெயில் வண்டில, அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே ஹை பிரஷர் குழாய்ல இருந்து டீசல் போற புது வண்டில, ரெயில் பக்கம் ஐடில்லயே சுமார் 300 பார், அங்க ஸ்கேனர்தான், ஓடும்போது நட்ட லூஸ் பண்ணி பாக்குற வேலையே வச்சுக்காதீங்க, டீசல் தோல கிழிச்சு உள்ள போயிரும்.

தம்பி, ராத்திரி லைட் போட்டுட்டு கேஜையும் ஆர்பிஎம் மீட்டரையும் சேத்து ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து அனுப்புங்க, பாத்துட்டு சொல்றேன். அடுத்த கேள்வி, பிரேக்ல ஏர் இறங்குதாம்...