இந்த வருசம் காதுல நின்ன ஆல்பங்களும், ரெண்டு ஒத்த ரூவா நாணயமும்

மக்கா, வணக்கம். சத்தம் கேக்குதுல்லா? மைக்கைச் சட்டைல குத்தியாச்சு. நாரோயில்ல காலைல இருந்து மழை. ஓட்டுல விழுற சத்தமும் சேந்துதான் வரும், பொறுத்துக்கிடுங்க.

இன்னைக்கு இந்த வீடியோ எதுக்குன்னா, எரிச்சல். பாட்டுக் கேக்குற ஆப்புல வருசக் கடைசி ஆனா கலர் கலரா ஒரு கார்டு வருமே, இந்த வருசம் நீங்க அதிகமாக் கேட்டது இதுதான்னு. எனக்கு முதலிடம் யாரு தெரியுமா? தம்புரா! ரெண்டு கட்டை சுருதில வச்ச தம்புரா, அஞ்சு நிமிசத் துண்டு, லூப்ல ஓடுனது. அதுல 30 நொடி ஓடிட்டாலே ஒரு தடவை கேட்டதாக் கணக்கு. அப்போ 2 நிமிசப் பாட்டு 15 தடவை ஓடுனா 15. உக்காந்து 29 நிமிசம் ஒரே உருப்படியைக் கேட்டா, ஒண்ணு. நீளமா வாசிக்கிறவன் எவனும் அந்தக் கார்டுல ஏறவே மாட்டான். அதான் நானே என் கணக்கைச் சொல்லுதேன்.

வரிசையைக் கலைச்சுப் போடுற ஷஃபிள் எனக்கு ஆகாதுன்னு பழைய ஆளுகளுக்கு ஓர்மை இருக்கும். புதுசா வந்தவங்க முதல்ல செட்டிங்ஸ்ல மூணு விசயம் பாருங்க. கிராஸ்ஃபேடு, அதான் ஒரு பாட்டு முடியுமுன்னே அடுத்தது கலந்து வர்றது, சைபர்ல இருக்கணும். கேப்லெஸ், அதான் பாட்டுக்கு நடுவுல இடைவெளி விடாம ஓட்டுறது, ஆன்ல இருக்கணும். சத்தத்தைச் சமப்படுத்துற வசதி, அதான் நார்மலைசேஷன், ஒண்ணு ஆஃப் பண்ணுங்க, இல்லைன்னா ஆல்பம் அளவுல வைங்க. பாட்டுக்குப் பாட்டு சமப்படுத்தினா, மெல்ல வாசிக்கணும்னு வாசிச்சதும் ஓங்கி வாசிச்சதும் ஒரே சத்தத்துல வந்து நிக்கும்.

முதல் ஆல்பம் ஹவ் டு நேம் இட். இளையராஜா, 1986. தியாகராஜருக்கும், ஜெர்மனி இசையமைப்பாளர் பாக் (Bach) அவருக்கும் சமர்ப்பணம் பண்ணுனது. வயலின் வி.எஸ்.நரசிம்மன். மொத்தம் பத்து உருப்படி. இதை ஏன் வரிசையாக் கேக்கணும்னா, தலைப்புகளே ஒரு பேச்சு மாதிரி போவுது. ஏழாவது, 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. எட்டாவது, 'அண்ட் வி ஹாட் எ டாக்'. வீட்டுல பாத்தேன், பேசிக்கிட்டு இருந்தோம். ஒன்பதாவது, 'டோன்ட் கம்பேர்', ஒப்பிடாதீங்கன்னு நமக்கு ஒரு குட்டு. ஷஃபிள்ல போட்டா, ஆளைப் பாக்கதுக்கு முன்னாலயே பேச்சு முடிஞ்சுரும்.

ஏழாவதுல ஓடுற அந்த வேகமான வயலின், பாக் தனி வயலினுக்கு எழுதுன மூணாவது பார்டிட்டாவோட, அதான் பல துண்டு சேந்த ஒரு தொகுப்போட, முகப்பு. பாக் படைப்புகளுக்குப் போட்ட வரிசை எண்ணுல, பி.டபிள்யூ.வி. (BWV) 1006ன்னு தேடுங்க. மூலத்தை ஒரு தடவை தனியாக் கேட்டுட்டு வந்து இதைக் கேளுங்க. எது பாக், எதை நம்ம ஆளு பக்கத்துல உக்கார வச்சிருக்காருன்னு அப்போதான் பிரிச்சுக் கேக்கும். மூலம் தெரியாமக் கேட்டா எல்லாமே அவரு எழுதுனது மாதிரி இருக்கும், பாதி ரசனை போயிரும்.

கூடவே நத்திங் பட் விண்ட், 1988, ஹரிபிரசாத் சௌரசியா புல்லாங்குழல். கொள்ளாம். ஆனா எனக்கு எப்பவும் ஹவ் டு நேம் இட்தான் ஒரு படி மேல. கமெண்டுல சண்டைக்கு வாங்க, பாத்துக்கிடலாம்.

அடுத்து ஷக்தி, நம்ம இசையும் ஜாஸும் கலந்து வாசிக்கிற குழு. 1976ல வந்த அவங்க முதல் ரெக்கார்டு. 1975 ஜூலை 5, நியூயார்க்குல ஒரு கல்லூரில மேடையில பதிஞ்சது. ஜான் மெக்லாஃப்ளின் கிட்டார், எல்.சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம், ஆர்.ராகவன் மிருதங்கம். மூணே உருப்படி. கடைசி ஒண்ணுதான் அந்த 29 நிமிசம், கார்டுல ஏறாததுன்னு சொன்னேன்லா, அது.

இதை எல்.பி.ல, அதான் ஊசி வச்சு ஓட்டுற பெரிய ரெக்கார்டுல, கேக்கவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரு பக்கத்துக்கு 20, 22 நிமிசம் வச்சு வெட்டுனாத்தான் காடி, அதான் ஊசி ஓடுற பள்ளம், அகலமா, சத்தம் கனமா இருக்கும். 29 நிமிசத்தைத் திணிக்கணும்னா காடியை நெருக்கி, சத்தத்தைக் கொறைச்சு வெட்டணும். நாம வால்யூமைக் கூட்டுவோம், கரகரப்பும் சேந்து கூடும். போதாததுக்கு, உள்பக்கம் போகப்போக வட்டம் சின்னதாகும், அங்கதான் ஊசி தடுமாறும். சரியா அங்க வந்துதான் இவங்க உச்ச வேகத்துல இருப்பாங்க! ரெக்கார்டு கெட்டுப்போச்சுன்னு நினைக்க வேண்டாம். முதல்ல ஊசி பாரத்தை, அதான் ஊசி ரெக்கார்டை அழுத்துற எடையை, பாருங்க.

ஊசி பாரம்னதும்... இதைச் சொல்லாம அங்கிட்டுப் போவ முடியாது. இந்த வருசத்துல எனக்குப் பெரிய வெற்றி இதுதான், சிரிக்காதீங்க.

ஊசி பாரம் பாக்குற சின்ன டிஜிட்டல் தராசு ஆன்லைன்ல வெல கொறைவாவே கிட்டும். அது சரியாக் காட்டுதான்னு எப்படிப் பாக்க? எடைக்கல் தனியா வாங்கணும்பாங்க. வேண்டாம். ஒத்த ரூவா நாணயம் போதும். 2011 வரிசை, ரூபாய்க்குறி போட்டது, 22 மில்லிமீட்டர் அகலம், எடை 3.79 கிராம். தராசுல வச்சா 3.79 வரணும்.

எனக்கு வந்தது 3.09. ரெண்டு தடவை வச்சேன், மூணு தடவை வச்சேன், அதே 3.09. தராசு போலின்னு முடிவுகட்டி, திருப்பி அனுப்ப டப்பாவுக்குள்ளயும் போட்டாச்சு. பொறவுதான் தெரிஞ்சது, 2019ல புது வரிசை வந்துச்சு, அதுல ஒத்த ரூவா சின்னது. 20 மில்லிமீட்டர், 3.09 கிராமேதான். தராசு அம்புட்டுச் சரியாக் காட்டிருக்கு, நான்தான் தப்புக் காசை வச்சிருக்கேன்!

ஆனா பாருங்க, இது ஒரு விதத்துல லாபம். ரெண்டு காசையும் மாத்தி மாத்தி வச்சா 0.70 வித்தியாசம் வரணும். அப்போ ஒரு இடத்துல இல்ல, ரெண்டு இடத்துல சோதிச்ச மாதிரி ஆச்சு. தேஞ்ச காசு வேண்டாம், பளபளன்னு உள்ளதா எடுங்க. அதைவிடப் பழைய பெரிய ஒத்த ரூவாயும் இதுக்கு ஆகாது.

இனி பாரம் வைக்கிற விதம். ஆன்டிஸ்கேட், அதான் ஊசி உள்பக்கமா இழுபடாம இருக்க வச்ச திருகு, சைபர். பின்பக்கக் குண்டைத் திருப்பி, ஊசியைத் தாங்குற பிளேயரோட கை, தராசு முள்ளு மாதிரி மட்டமா மிதக்கணும். அந்த இடத்துல டயலைச் சைபர் ஆக்கி, பொறவு வேண்டிய அளவுக்குத் திருப்பணும். எம்புட்டு பாரம்ங்கறது கார்ட்ரிட்ஜைப் பொறுத்தது, அதான் கை நுனியில ஊசி மாட்டுன துண்டு. ஆடியோ டெக்னிகா 3600எல்லுக்கு நான் மூன்றரை கிராம் வைப்பேன். அதே கம்பெனி விஎம்95ஈக்கு 2 கிராம். பொறவு தராசுல சரிபாத்துட்டு, ஆன்டிஸ்கேட்டையும் அதே எண்ணுக்குக் கொண்டுவாங்க. பாரம் கொறைஞ்சா ரெக்கார்டுக்கு நல்லதுன்னு ஒரு பேச்சு உண்டு. தப்பு! கொறைஞ்சா ஊசி காடிக்குள்ள நிக்காம துள்ளும், துள்ளுறதுதான் காடியைச் செதுக்கும். நகைக்கடைத் தராசு வச்சுப் பாக்கலாமான்னு போன வீடியோல ஒருத்தர் கேட்டிருந்தீங்க. எடை சரியா இருக்கும், ஆனா தட்டு உயரமா நிக்கும். ரெக்கார்டு இருக்குற உயரத்துல ஊசி உக்காரலைன்னா கணக்கு மாறிரும்.

சரி, ஷக்தி. 2023ல திஸ் மொமெண்ட்னு புது ஆல்பம், 2024ல கிராமி வாங்கிச்சு. சங்கர் மகாதேவன் பாட்டு, கணேஷ் ராஜகோபாலன் வயலின், விக்கு விநாயக்ராம் மகன் செல்வகணேஷ் தாளம். அந்த வருசம் டிசம்பர்லயே ஜாகிர் உசேன் போயிட்டாரு. 1976ல அப்பாவைக் கேட்டுட்டு நேரா 2023ல மகனைக் கேளுங்க. பதிவு பளிச்சுன்னு இருக்கு, சந்தேகமே இல்ல. ஆனா மேடையில ஒருத்தர் வேர்வையை ஒருத்தர் பாத்து வாசிக்கிற அந்த அவசரம் பழசுலதான் உண்டு.

ஜாஸ் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ், கைண்ட் ஆஃப் புளூ, 1959. இதைப் பத்திச் சொல்லாதவங்க கிடையாது, நான் ஒரே ஒரு சோலி சொல்லுதேன். மார்ச் 2ஆம் தேதி முதல் பக்கத்து மூணு உருப்படியையும் பதியும்போது டேப் மெஷின் கொஞ்சம் மெதுவா ஓடிருக்கு. மெதுவாப் பதிஞ்சதைச் சரியான வேகத்துல போட்டா என்ன ஆவும்? சுருதி ஏறும். 1990கள்ல வந்த மறுவெளியீடுகள்லதான் திருத்துனாங்க. உங்க கைல உள்ளது திருத்துனதா இல்லையான்னு பாக்க, என் கார்டுல முதலிடம் வாங்குன அதே தம்புரா போதும். ரெண்டு கட்டைல, அதாவது டில வச்சுட்டு 'சோ வாட்' போடுங்க. முதல் 16 தாளக்கட்டு டி டோரியன்ங்கிற ஸ்வர வரிசை, நம்ம கணக்குல கரகரப்பிரியா ராகம். பொறவு 8 கட்டு ரெண்டரைக் கட்டைக்கு ஏறும், திரும்ப 8 கட்டு ரெண்டுக்கு இறங்கும். முதல் பகுதியிலேயே தம்புராவோட உரசிக்கிட்டு மேல நின்னா, பழைய வேகம்னு அர்த்தம். கூட வாசிச்சுப் பழகுறவங்க இதைப் பாக்காம வயலினைத் திருகாதீங்க.

ஜாஸ் சாக்ஸஃபோன்காரர் ஜான் கோல்ட்ரேன், எ லவ் சுப்ரீம். 1964 டிசம்பர் 9 பதிஞ்சது, சுமார் 33 நிமிசம், நாலு பகுதி. மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல இடைவெளியே கிடையாது. கேப்லெஸ் ஆஃப்ல இருந்தா அங்க ஒரு சின்ன விக்கல் விழும், அம்புட்டும் போச்சு. வேற சொல்ல ஒண்ணும் இல்ல. ராத்திரி கேளுங்க.

அய்யோ, ரெக்கார்டு கழுவுறதை விட்டுட்டேன். நம்ம மாவட்டத்துல ரெண்டு மழையும் உண்டு, உப்புக்காத்து வேற. பூஞ்சை பிடிக்கத்தான் செய்யும். டிஸ்டில்டு வாட்டர் நாலு பங்கு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, பாத்திரம் கழுவுற திரவம் ஒரே ஒரு சொட்டு. காடி ஓடுற திசையில துடைச்சு, பொறவு வெறும் டிஸ்டில்டு வாட்டர்ல அலசணும். கிணத்து வெள்ளம் வேண்டாம், காஞ்சா உப்புப் படியும். இது எல்.பி.க்கு மட்டும். நிமிசத்துக்கு 78 சுத்து ஓடுற பழைய ஷெல்லாக், அதான் அரக்குத் தட்டுல ஆல்கஹால் பட்டா தட்டே கரையும்! அதுக்கு ஊசியும் வேற, எல்.பி. ஊசி அந்த அகலக் காடியில அடிக்குப் போயி உருளும்.

கடைசி ஒண்ணு ஆல்பம்னு சொல்ல முடியாது, நானே அடுக்குன வரிசை. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளோட நவராத்திரிக் கீர்த்தனைகள், ஒன்பது. பத்மநாபபுரத்துல இருந்து சரஸ்வதி, வேளிமலைல இருந்து குமாரசாமி, சுசீந்திரத்துல இருந்து முன்னுதித்த நங்கை, மூணு பேரும் வருசாவருசம் திருவனந்தபுரம் போவாங்கல்லா, அங்க நவராத்திரி மண்டபத்துல நாளுக்கு ஒண்ணு பாடுறது. ராகமும் மாறாது: சங்கராபரணம், கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டக்குறிஞ்சி, ஆரபி. களியக்காவிளை தாண்டுனா வர்ற பாறசாலை, அந்த ஊரு பொன்னம்மாள் 2006ல அங்க பாடுனாங்க, முதல் பெண். எம்புட்டு வருசம் எடுத்திருக்கு பாருங்க.

ஒன்பதையும் வேற வேற ஆளு குரல்ல எடுத்து ஒரே மூச்சுல ஓட்டுனா ஒரு சிக்கல். ஆண் குரல் ஒரு கட்டைல நிக்கும், அடுத்தது பெண் குரல் அஞ்சு கட்டைல வரும், காது தூக்கி எறிஞ்சாப்ல இருக்கும். அதனால ஒரு சாயங்காலத்துக்கு ஒண்ணுதான். மண்டபத்துலயும் அப்படித்தானே.

அந்த நாணயம்... ஒண்ணு விட்டுப்போச்சு. அது காந்தத்துல ஒட்டுற எஃகு, கார்ட்ரிட்ஜ்குள்ள காந்தம் இருக்கு. தராசைச் சோதிச்ச உடனே காசை எடுத்துப் பைல போட்டுட்டு, பொறவு ஊசியை இறக்குங்க. தராசுத் தட்டும் இரும்பா இருந்தா அதுவே ஊசியைக் கீழ இழுத்து, பாரத்தைக் கூடுதலாக் காட்டும். ஒரு காந்தத்தைத் தட்டுக்கிட்ட கொண்டுபோயிப் பாருங்க, ஒட்டுச்சுன்னா அந்தத் தராசு ஆகாது.