பேரன் அனுப்பிய மண்டையோடு

பெரியவங்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அப்பிச்சி ஒரு துணுக்கு போடுகிறார். பேரன் பதிலுக்கு ஒரு மண்டையோட்டை அனுப்புகிறான். அப்பிச்சிக்குப் பகீரென்கிறது. பதறாதீங்க. "சிரிச்சுச் சிரிச்சே செத்தேன்" என்று நாம் வாயால் சொல்வதை அவன் படமாகப் போட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

கட்டைவிரல் படம் நமக்கு "ஆகட்டும்". இளையவர்கள் பலருக்கோ அது "பேச்சை முடி" என்று வெட்டிவிடுவது மாதிரி. கோபியிலோ பெருந்துறையிலோ மருமகன் "சரிங்க" என்னாமல் வெறும் "சரி" என்றால் மாமனார் முகம் சுண்டிப்போகுமே, அந்தச் சுணக்கம்தானுங்க இது. ஒரு 'ங்க' குறைந்தாலே கண்டுபிடிக்கிற காது நம்முடையது. பிள்ளைகள் போனில் பேசும் புதுப் பேச்சைப் பிடிக்கவும் அந்தக் காதையே தீட்டிக்கொள்ளலாம்.

தஞ்சாவூர்க்காரர் ஒருவர் நம்ம கொங்குப் பக்கம் வந்து "ஒறம்பரை" என்ற சொல்லைக் கேட்டால் அகராதியையா தேடுவார்? நாலு வீட்டில் கேட்டதும் விருந்தாளி என்று பிடித்துக்கொள்வார். நீங்களும் ஒரு புதுச்சொல்லைக் குறைந்தது 3 இடத்தில், 3 பேர் வாயில் கேளுங்க. யார் யாரிடம் சொல்கிறார்கள், சிரித்துக்கொண்டா சிடுசிடுத்தா என்று பாருங்க. 'பூமர்' என்பது 1946 முதல் 1964 வரை பிறந்த அமெரிக்கர்களைக் குறித்த சொல். கோவையில் கல்லூரிக்குப் போகும் தங்கை, 25 வயது அண்ணனையே பூமர் என்கிறாள். அவன் பிறந்த வருசம் அவளுக்கு முக்கியமில்லை. கேட்காமலே அறிவுரை சொல்கிறான் என்பதுதான் குறை. அகராதியை மட்டும் நம்பினால் இந்த இடத்தில்தான் சறுக்கும்.

அப்படியும் பிடிபடவில்லையென்றால் பிள்ளையையே தனியாகக் கேளுங்க, ஒறம்பரை முன்னால் வேண்டாம். பொருள் தெரிந்த பிறகும் அந்தச் சொல்லை நீங்கள் எடுத்துப் பேச வேண்டியதில்லை. காதுக்குப் பிடிபட்டால் போதும்.

கற்றுக்கொள்கிறேன் என்று ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே உட்காராதீங்க. எந்த வீடியோவில் நின்றீர்களோ அதே ரகத்தைச் செயலி மறுபடி மறுபடி கொண்டுவரும். வேண்டாத வீடியோவை விரலால் அழுத்திப் பிடித்தால் 'நாட் இன்ட்ரஸ்டட்' என்று வரும், அதைத் தொடுங்க. அற்பமானதையே பார்த்துப் புத்தி மழுங்குவதற்கு 'பிரெயின் ராட்' என்று பெயர். ஆக்ஸ்ஃபோர்டு 2024ஆம் ஆண்டின் சொல்லாக அதைத்தான் தேர்ந்தெடுத்தது.

ஒரு சொல்லை மட்டும் கட்டாயம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்க: 'அன்அலைவ்'. சாவு, தற்கொலை என்று நேராக எழுதினால் தளங்கள் பதிவை மறைத்துவிடும் என்று இப்படிச் சுற்றி எழுதுகிறார்கள். கேலிக்கும் வரும், நிஜமாகவும் வரும். பிள்ளை தன்னைப் பற்றியே அப்படி எழுதியிருந்தால் திட்டாதீங்க, போனைப் பிடுங்காதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து, "சாகணும்னு தோணுதா கண்ணு?" என்று நேராகவே கேளுங்க. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீங்க. 14416, டெலி மானஸ், அரசு மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. இப்பவே போனில் பதிந்துகொள்ளுங்க.