மீட்டரில் 60, போலீஸ் கருவியில் 68: பொய் சொல்வது யார்?

வணக்கம் மக்களே! காரைக்குடி தாண்டி பைக்கை ஓரங்கட்டச் சொல்கிறார்கள். கருவியில் 68. உடனே நம் வாயில் வருவது என்ன? “சார், என் மீட்டர்ல 60தான் சார் இருந்துச்சு!” நானும் சொல்லியிருக்கிறேன். அந்தச் சாக்கு ஏன் எடுபடாது என்பதுதான் இன்றைய வீடியோ.

சட்டத்தை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். மத்திய அரசின் 2018 அறிவிக்கை பைக்குக்கு வைத்த உச்ச வரம்பு நான்குவழிச் சாலையில் 80, சாதாரண ரோட்டில் 60. போர்டில் குறைவாகப் போட்டிருந்தால் போர்டு சொல்வதுதான் கணக்கு. சரி, மீட்டருக்கு வருவோம்.

எங்கள் தெருவில் ஓர் ஆச்சி வீட்டுக் கடிகாரம் எப்போதும் 10 நிமிஷம் கூடுதலாக ஓடும். ரயிலுக்குக் கிளம்புகிறவர் அதைப் பார்த்து அலறியடித்து ஓடுவார். போனால் ஸ்டேஷனில் ஈ காக்கை இருக்காது. பைக் மீட்டரும் ஆச்சி வீட்டுக் கடிகாரம்தான். பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. 39ஆம் விதி, மீட்டர் உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டவே கூடாது என்கிறது. கூட்டிக் காட்டலாம்: 10 சதவீதம், அதற்கு மேல் 4 கிலோமீட்டர். நிஜத்தில் 60 போகும் புது மாடல் 70 என்று காட்டினாலும் சோதனையில் பாஸ்!

பிள்ளையார்பட்டி ரோட்டில் நானே பார்த்தேன். மீட்டரில் 60, பின்னால் உட்கார்ந்திருந்த தம்பியின் போன் ஜிபிஎஸ்ஸில் 55. இத்தனை நாள் வேகமாகப் போகிறோம் என்று நினைத்திருந்த எனக்கு மனசே உடைந்துவிட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்தது பழைய முள் மீட்டர். முன் சக்கரத்திலிருந்து வரும் கேபிள், உள்ளே ஒரு காந்தத்தைச் சுழற்றும். அதை மூடினாற்போல் ஓர் அலுமினியக் கிண்ணம். இரண்டும் தொட்டுக்கொள்வதே இல்லை. அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது, டிபன் பாக்ஸில் வைத்துப் பாருங்கள். ஆனால் காந்தம் சுற்றும்போது கிண்ணத்துக்குள் சுழல் மின்னோட்டம் பிறந்து, கிண்ணமும் கூடவே திரும்பப் பார்க்கும். மயிரிழை போன்ற ஒரு சுருள்வில் “போதும், நில்லு” என்று பிடித்து இழுக்கும். இந்த இழுபறியில் முள் எங்கே நிற்கிறதோ, அதுதான் உங்கள் வேகம். 1902இல் ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ட்ஸே காப்புரிமை வாங்கிய யோசனை, மக்களே!

அப்புறம் அந்த 68 காட்டிய போலீஸ் கருவி, அதாவது ரேடார். பக்கவாட்டுக் கோணத்தில் பிடித்தால் அது வேகத்தைக் குறைத்துத்தான் காட்டும். ஆக மீட்டர் கூட்டிச் சொல்கிறது, ரேடார் குறைத்துச் சொல்கிறது. கருவியில் 68 என்றால் உங்கள் முள் பெரும்பாலும் 70ஐத் தாண்டியிருக்கும்.

ஒரே விதிவிலக்கு, ‘கெத்து’க்காகப் பெரிய டயர் மாட்டியவர்கள். 61 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் 64 ஆனால், ஒவ்வொரு சுற்றுக்கும் 5 சதவீதம் கூடுதல் தூரம் ஓடும். மீட்டருக்கு அது தெரியாது. கம்பெனி கொடுத்த சலுகை அங்கேயே கரைந்துவிடும்.

உங்கள் மீட்டரில் 60 இருக்கும்போது ஜிபிஎஸ் எவ்வளவு? பின்னால் இருப்பவரைப் பார்க்கச் சொல்லி கமெண்டில் போடுங்கள். கேபிள் அறுந்து முள் பூஜ்யத்திலேயே தூங்குகிறவர்களும் வரலாம்!