பை இரண்டாக இருக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

புதிய ஏற்பாட்டில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியின் பெயர் ஆறு இடங்களில் வருகிறது. ஆறிலும் இரண்டு பெயரும் சேர்ந்தேதான் வரும். கூடாரம் பண்ணியது, வீட்டில் சபை கூட இடம் கொடுத்தது, அப்பொல்லோ என்ற போதகரை அழைத்து வைத்து விளக்கியது எல்லாமே இருவருமாகத்தான். பணி ஓய்வுக்குப் பிறகு முழுநேர மிஷனரி ஊழியத்துக்குப் புறப்படுகிற தம்பதிகளுக்கு இவர்களைத்தான் முன்மாதிரியாகச் சொல்வார்கள். ஊழியத்துக்கு அது பொருந்தும். ஆயத்தத்துக்குப் பொருந்தாது. அதை ஒவ்வொருவரும் தனியாகச் செய்து முடித்திருக்க வேண்டும். போன இடத்தில் ஒருவர் படுத்துவிட்டால், மற்றவர்தான் மருத்துவரிடம் பேச வேண்டும், பணம் எடுக்க வேண்டும், டிக்கெட்டை மாற்ற வேண்டும்.

முதலில் அழைப்பு. பல வீடுகளில் அது ஒருவருக்கு வந்திருக்கும். மற்றவர் துணைக்குப் போகிறவராக இருப்பார். போய் இறங்கியதும் முதலாமவருக்கு மேசையும் வேலையும் காத்திருக்கும், இரண்டாமவருக்கு மொழி தெரியாத ஊரில் நான்கு சுவர்தான் மிஞ்சும். பாதியில் திரும்புவதற்கு விதை பெரும்பாலும் இங்கேதான் விழுகிறது. ஆகவே அனுப்புகிற அமைப்பிடம் இருவருக்கும் தனித்தனியாகப் பணி விவரம் எழுதி வாங்குங்கள். கணக்கு பார்ப்பது, நூலகம், இளம் ஊழியர்களுக்கு வழிகாட்டுவது, வீடு சந்திப்பது, கட்டடப் பராமரிப்பு என்று மூத்தவர்களுக்கான வேலைகள் நிறைய உண்டு. காலமும் நீளமாக இருந்தாக வேண்டும் என்பதில்லை. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் மூத்த தம்பதிகள் 6 மாதம் முதல் 23 மாதம் வரை தேர்ந்துகொள்ளலாம். முதல் தடவை போகிறவர்கள் குறுகிய காலத்தை எடுத்து, பிறகு நீட்டிப்பு கேட்பது நல்லது. வெட்டிக் குறைப்பதைவிட நீட்டுவது மனசுக்கு லேசு.

அடுத்து உடம்பு. இதற்கு ஒரு வருஷம் வேண்டும் என்றால் சிரிக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் நாள், 1 மாதம், 6 மாதம். கண்புரை அறுவை இரண்டு கண்ணுக்கும் தேவைப்பட்டால், இடைவெளி விட்டுச் செய்து, பார்வை நிலைத்த பிறகே கண்ணாடி எழுதுவார்கள். வேர் சிகிச்சை செய்த பல்லுக்கு உறை போடாமல் போனால் அங்கே போய் உடையும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில் மட்டும் தனி கவனம் வேண்டும். 60 வயதைத் தாண்டியவர்கள் முதல் முறையாகப் போட்டுக்கொள்ளும்போது கடுமையான பக்கவிளைவுக்கான வாய்ப்பு கூடுதல். போட முடியாத நிலை என்றால் மருத்துவர் விலக்குச் சான்று தருவார். அதைப் போகிற நாடு ஏற்குமா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். போட்டவர்களுக்கு, சான்று செல்லுபடியாவது ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகுதான்.

யாரும் நினைக்காத ஒன்று, காது. மொழி வகுப்பில் சேருவதற்கு முன் இருவரும் செவித்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள். வயதாகும்போது முதலில் குறைவது உயர்ந்த அதிர்வெண் ஒலிகள். ஸ, ஃப, த போன்ற மெய்யொலிகள் அங்கேதான் இருக்கின்றன. தாய்மொழியில் காது விட்டதை மூளை ஊகித்து நிரப்பிவிடும். புது மொழியில் ஊகிக்க எதுவும் இல்லை. ‘இந்த வயதில் மண்டையில் ஏறமாட்டேன் என்கிறது’ என்று மொழியைக் கைவிடுகிற சிலருக்கு மண்டை நன்றாகத்தான் இருக்கிறது. கேள்கருவி வைத்திருப்பவர்கள், பட்டன் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்த நிமிடத்திலிருந்தே அது தீரத் தொடங்கும் என்பதை மறக்க வேண்டாம். எல்லாவற்றையும் உரித்துத் தயாராக வைப்பது வீண்.

இப்போது மருந்துப் பைக்கு வருகிறேன். பை இரண்டு. அவருக்கு ஒன்று, இவருக்கு ஒன்று, இரண்டும் கையோடு எடுத்துப் போகிற பெட்டியில். விமானத்தின் சரக்கறையில் போடும் பெட்டியில் இன்சுலின் வைக்கவே கூடாது. உறைந்துபோன இன்சுலின் உருகினாலும் பயன்படாது. மாத்திரைகள் அவற்றின் அட்டையிலேயே இருக்கட்டும். வாராந்திர டப்பாவில் பிரித்துப் போட்டால் சுங்கச் சோதனையில் எது எது என்று காட்ட முடியாது. மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு வேதிப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் எழுதச் சொல்லுங்கள். கம்பெனிப் பெயர் எல்லை தாண்டினால் மாறிவிடும். வேதிப்பெயரே சில இடங்களில் மாறும்: பாராசிட்டமால் அமெரிக்காவில் அசிட்டமினோஃபென், ஆஸ்துமா மருந்தான சால்புட்டமால் அங்கே ஆல்புட்டெரால். தூக்க மாத்திரை, வலி மாத்திரை, சளி மாத்திரை மூன்றையும் தனியாகச் சரிபார்க்க வேண்டும். சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த சளி மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. பைக்குள் கடைசியாக ஒரு தாள்: நோய்கள், மருந்துகள், ஒவ்வாமை, இரத்த வகை, மருத்துவர் எண். அவருடைய தாளின் நகல் இவர் பையில், இவருடையது அவர் பையில்.

ஆவணங்களில் தேதிதான் வில்லன். தடுப்பூசிக்கு முந்திக்கொள்ள வேண்டும். காவல்துறை நற்சான்றுக்கு முந்தக் கூடாது. பழையதாகிவிட்டது என்று விசா அலுவலகம் திருப்பிவிடும். பாஸ்போர்ட்டின் காலம், திரும்பும் தேதிக்குப் பிறகும் 6 மாதமாவது இருக்கட்டும். பல வருஷம் முன் ஆலயப் பதிவேட்டில் மட்டும் பதிந்த திருமணமாக இருந்தால், அரசுச் சான்று கேட்பார்கள். அதிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இல்லாவிட்டால் திருத்தத்துக்கே சில மாதம் ஓடும். சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்துகொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பிடிபட்டால் உங்களை மட்டும் வெளியேற்றமாட்டார்கள். உங்களை ஏற்ற உள்ளூர்ச் சபைக்கும் தலைவலி வரும்.

காப்பீட்டுப் பத்திரத்தில் மூன்று இடத்தைப் பெரிய கண்ணாடி போட்டுப் படியுங்கள்: வயது வரம்பு, ஏற்கெனவே உள்ள நோய், அவசர விமானத்தில் கொண்டுவரும் செலவு. இறந்தால் உடலைக் கொண்டுவரும் பிரிவும் அதில் இருக்கும். பேசக் கசப்பான விஷயம்தான். எங்கே அடக்கம் என்பதையும் சேர்த்துப் பேசி எழுதி வையுங்கள். பிள்ளைகள் போனில் அடித்துக்கொள்ள வேண்டியிருக்காது.

பணத்தில் சிக்குவது சின்ன இடத்தில். வங்கியின் ஓடிபி பழைய கைபேசி எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் போய்விடும், கணக்கே பூட்டிக்கொண்ட மாதிரி. இருவர் பெயரிலும் கணக்கு, இருவர் கையிலும் தனித்தனி அட்டை, இரண்டும் வேறு வேறு பர்ஸில். பிள்ளைக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம், எழுதிக் கொடுத்தவர் நினைவு தப்பினால் பல நாடுகளின் சட்டப்படி செல்லாது. தப்பினாலும் செல்லும்படி எழுதும் வகை உங்கள் சட்டத்தில் உண்டா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். உயிலையும் அதே நாளில் முடித்துவிடலாம்.

வீட்டைப் பொறுத்தவரை, புறப்பட ஒரு மாதம் முன்பு ஒரு ஒத்திகை: வீட்டைப் பார்த்துக்கொள்ளப்போகிறவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, 3 நாள் வெளியூர் போய் வாருங்கள். தண்ணீரின் முதன்மை வால்வு எங்கே, எந்தப் பூட்டு இழுத்துத் திருப்பினால்தான் திறக்கும், எந்த பில் எந்தத் தேதியில் வரும் என்று அவர் அந்த 3 நாளில் கேட்கிற கேள்விகளையே ஒரு நோட்டில் எழுதி, சாவியோடு கட்டிக் கொடுத்துவிடுங்கள்.

வணக்கம்.